சூடம் ஏற்றச் சொன்னேன்

14-9-95, நகரி
ஜாவாவிலிருந்து அவர் கடிதம். இங்கே விசைத்தறி ஃபிட்டராக இருந்தது போதாதென்று கடல் தாண்டிப் போய் எட்டு மாதம் ஆகிறது. மில்லுக்குப் பின்னால் ஓர் ஆறாம், நம் குசஸ்தலை மாதிரியே வெறும் மணல். மேலே எரிமலை. போன வருஷம் வெடித்துச் சாம்பலைக் கொட்டியிருக்கிறது. மழை பெய்தால் அந்தச் சாம்பல் சேறாக இறங்குமாம். சங்கு ஊதினால் எல்லோரும் மேட்டுக்கு ஓட வேண்டுமாம். "சேத்துக்குப் போயி ஓடுறாங்க" என்று கேலி வேறு.

15-9-95
பதில் எழுதினேன். இங்கே மூன்று வருஷமாக ஆறு வரவில்லை, அங்கே வந்தால் என் பேரில் ஒரு சூடம் ஏற்றுங்கள் என்று. குங்குமமும் நாலு சூடமும் மடித்து வைத்தேன். ஆறு வரும்போது எதிரே போய்க் கும்பிடாமல் நம்மூரில் யார் இருக்கிறார்கள்? போன தடவை முதல் தட்டு என்னுடையதுதான்.

2-12-95
எஸ்டிடி பூத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். லைனில் நாகபூஷணம், அவரோடு போன புத்தூர்க்காரர்.
"அண்ணி, ஆத்துல சேறு வந்துட்ச்சி. அண்ணனைத் தேடிக்கினு இருக்கோம்."
கட்டாகிவிட்டது.

3-12-95
வருவார். நீச்சல் தெரியும்.

9-12-95
மறுபடி நாகபூஷணம்.
"சங்கு ஊதினதும் எல்லாரும் மேட்டுக்கு ஓடினோம் அண்ணி. அண்ணன் கீழ ஓடிச்சி, கையில சூடம். 'ஆறு வருதுடா, வேணி சொல்லிக்கீறா'ன்னு போய்க்கினே இருந்திச்சி."
அங்கே ஒரு தூறல்கூட இல்லையாம். மழை மலைமேல் பெய்திருக்கிறது. வந்தது தண்ணீர் இல்லை. கலந்த சிமெண்டு மாதிரி, சுடச்சுட, வீட்டளவு பாறைகளை உருட்டிக்கொண்டு. அதுல நீச்சல் எதுக்கு?
பாவி நானு... நாந்தானே எழுதினேன். அவரு மறந்துகூட இருப்பாரு. சூடத்தை வேற மடிச்சி அனுப்பிச்சேனே!

20-12-95
சேறு இறுகிவிட்டதாம். இரண்டு ஆள் உயரம். தோண்ட முடியாதாம்.

22-1-96
காரியம் செய்துவிடலாம் என்கிறார் மாமனார். "எத்தினி நாளைக்கும்மா இப்டியே இருப்ப?" உடம்பே இல்லாமல் யாருக்குக் காரியம்? பொட்டை அழிக்க மாட்டேன் என்று கத்தினேன். மகள் யமுனா மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "நைனா சேத்துக்குள்ளயே இருக்குதாம்மா?"

11-3-96
அழித்தாகிவிட்டது.

30-10-96
விடிந்ததும் ஒரே கூச்சல். நாலு வருஷம் கழித்துக் குசஸ்தலை வந்துவிட்டது, நுரையும் குப்பையுமாக. யமுனா ஓடப் பார்த்தாள், கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தெருப் பெண்களெல்லாம் மஞ்சள் குங்குமத் தட்டோடு போனார்கள். பக்கத்து வீட்டுத் தாட்சாயணி வாசலில் என்னைப் பார்த்ததும் தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு வேகமாக நடந்தாள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.