பள்ளூரைத் தாண்டாத கார்

1968 ஏப்ரல் 21, ஞாயிறு

திருத்தணி கோயிலில் வைத்து என்னைப் பெண் பார்க்க ஏற்பாடு. போய்ச் சேரவில்லை. பள்ளூரில் அப்பாவின் கார் நின்றுவிட்டது. உச்சி வெயில். அரை மணி கழித்துத் தானாகவே கிளம்பியது. அதற்குள் நல்ல நேரம் போய்விட்டதென்று காஞ்சிபுரத்துக்கே திருப்பிவிட்டார்.

எனக்கு வருத்தமில்லை. கல்யாணமானால் டீச்சர் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டு நிபந்தனை.

ஏப்ரல் 22

மெக்கானிக் தணிகாசலம் பெட்ரோல் இழுக்கும் பம்பைக் கழற்றி, உள்ளிருக்கும் ரப்பரை மாற்றினார். காலைக் குளிரில் ஓட்டிப் பார்த்தார்கள். சமர்த்தாக ஓடியது.

மே 5

நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் கிளம்பினோம். மறுபடி பள்ளூர். "இது சகுனம்மா" என்றார் அப்பா.

சகுனமில்லை. என்ஜின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறது. ஆவியைப் பம்பால் இழுக்க முடியாது. பம்பின்மேல் ஈரத்துணி போட்டால் கிளம்பிவிடும். ஆறாம் வகுப்புக்கு ஆவியாதல் நடத்துகிறவளுக்கு இதுகூடவா தெரியாது?

சொல்லவில்லை.

மே 6

தணிகாசலம் மறுபடியும் பம்பைக் கழற்றுகிறார். பாவமாக இருக்கிறது.

மே 19

மூன்றாம் முறையும் பள்ளூர். அப்பா பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. மைல் கல்லில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"என் ராசிம்மா. உங்கம்மா போனதுலேர்ந்து நான் தொட்டது எதுவும் ஓட மாட்டேங்குது. உன்னையும் கரையேத்தாமயே பூடுவேன் போலக்குது."

ஐயோ அப்பா — வேலையாவது ஒண்ணாவது! கூஜாத் தண்ணீரில் அந்தத் துண்டையே நனைத்துப் பம்பின்மேல் போட்டேன். கிளம்பிவிட்டது. திருத்தணி வரைக்கும் உள்ளுக்குள்ள அழுதுக்கினேதான் போனேன்.

கோயிலில் மாப்பிள்ளையின் அம்மா என் முந்தானையைப் பார்த்து, "இன்னாம்மா இது, கறுப்பா?" என்றார்.

"வண்டிய எங்க லோகாதான் சரி பண்ணிச்சு!" என்றார் அப்பா, பெருமையாக.

அந்த அம்மாள் அதன்பிறகு தேங்காய் உடைக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 24

தரகர் பரமசிவம் வந்தார். நடுரோட்டில் பானெட்டைத் திறந்து கை விடுகிற பெண் அவர்களுக்குச் சரிப்படாதாம்.

சாப்பிடும்போது அப்பா கேட்டார்.

"மொதல் தடவையே தெரியுமா உனக்கு?"

"ரெண்டாவது தடவ தெரியும்."

"அப்ப மூணாவது தடவ ஏன் செஞ்ச?"

"நீங்க அழுதீங்க."

மோர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.

ஜூன் 3

பள்ளி திறந்தது. நான் கிளம்பும் நேரம் பார்த்துப் பரமசிவம் இன்னொரு வரனின் ஜாதகத்தோடு வந்து நின்றார். வாலாஜாபாத்தாம், சொந்த வீடாம். அப்பா ஜாதகத்தைக் கையில் வாங்கவில்லை.

"பொண்ணு வேலைக்குப் போவுது. கல்யாணத்துக்கு அப்புறமும் போவும். அத மொதல்ல அவங்ககிட்ட சொல்லிட்டு வாப்பா."

பரமசிவம் என்னைப் பார்த்தார். நான் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டும் என் காலில்தான் இருந்தன.