பௌர்ணமியன்று நிற்க வேண்டிய கார்

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் காரை லீசுக்கு விட்டீர்கள். அது தப்பு. நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் அது தப்புதான்.

லீசு முடிந்து நேற்றுக் காலை கார் வந்தது. ஆசிரமத்துப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர் ஓர் ஆளிடம் சாவியைக் கொடுத்து அனுப்பியிருந்தார். கதவைத் திறந்ததும் மல்லிகை சென்ட் குப்பென்று முகத்தில் அடித்தது. நம் காரில் இருந்தது கிரீஸ் வாசனை, உங்கள் வெற்றிலை வாசனை, வாந்தி வராமலிருக்க உங்கள் தங்கை முகர்ந்துகொண்டே வரும் எலுமிச்சம்பழம், இவ்வளவுதான். கண்ணாடி நான்கையும் இறக்கிவிட்டு வெயிலில் நிறுத்தியிருக்கிறேன்.

அடி அண்ணாமலையில் பௌர்ணமி என்றால் கார் வாசலை விட்டு நகர முடியாது. வீட்டு முன்னால் முழுக்கக் கிரிவலக் கூட்டம். மற்றவர்களுக்கு அது தொல்லை, உங்களுக்கு அது பானெட்டைத் திறக்கும் நாள். நீங்கள் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு எண்ணைச் சொல்வீர்கள், நான் அந்த எண் போட்ட ஸ்பானரைத் தேடி நீட்டுவேன். "பன்னெண்டு கேட்டா பதினாலு தர்ற. காது கேக்கலையா, கண்ணு தெரியலையா?" என்பீர்கள். அப்படித் திட்டு வாங்கியேதான் ஆயில் அளவு பார்க்கவும், பேட்டரியில் பூத்திருப்பதைச் சுடுதண்ணீரால் கழுவவும் கற்றுக்கொண்டேன். ஒருமுறை கால் வலித்த ஒருவர் குனிந்து, "ஏங்க, வண்டி வாடகைக்கு வருமா?" என்றார். "அண்ணாமலையாரே கேட்டாலும் இன்னைக்கு வராதுங்க" என்று அடியிலிருந்தே சொன்னீர்கள். "கெட்டுப்போனா பாக்கறதுக்கு மெக்கானிக் பாய் இருக்காரு. கெடாம பாக்கறதுக்குதான் நாம" என்று என்னிடம் அடிக்கடி சொல்வீர்கள்.

அப்படிப்பட்டவர்தான் அதைத் தூக்கிக் கொடுத்தீர்கள். சர்க்கரையால் கண் மங்கி, இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன அதே மாதம். "சும்மா நின்னா துருப்புடிச்சிடும்" என்றீர்கள். "எது, காரா நீங்களா?" என்றேன்.

பிறகு உங்கள் தங்கைக்கு இருதய ஆபரேஷன் ஆயிற்று. மாதாமாதம் வேலூருக்குக் கூட்டிப்போக வேண்டும். பஸ்ஸில் போளூர் வரை நின்றுகொண்டு வந்தாள், மார்பில் கையை வைத்துக்கொண்டு. வழியில் நம் கார் எங்களை முந்திக்கொண்டு போயிற்று, பின்கண்ணாடியில் கெஸ்ட் ஹவுஸ் பெயரோடு. "அண்ணி, அது நம்ம வண்டிதானே?" என்றாள். அன்று சாயங்காலம் உங்களிடம் கத்தினேன். "வாக்குக் குடுத்துட்டேன். நடுவுல எப்படி இல்லைன்றது?" என்றீர்கள். அன்று ராத்திரி நீங்கள் சோற்றைத் தொடவில்லை.

அடுத்து வந்த பௌர்ணமியன்று, கார் நிற்கும் வெற்றிடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஸ்பானர் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்து, தடவிப் பார்த்தே வரிசையாக அடுக்கினீர்கள். காபியைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். கோபம் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னால் கத்த முடியவில்லை.

இன்று பாய் வந்து பார்த்தார். கெஸ்ட் ஹவுஸில் பௌர்ணமியன்றுதான் ஓட்டம் அதிகமாம். கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து கிளட்ச் தேய்ந்துவிட்டது. ரேடியேட்டரில் கூலன்ட் இல்லை, வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். நம் பையன் குமார் உடனே, "வித்துடலாம்மா. லீசுக்கு ஓடுன வண்டிய எவனாவது வச்சினு இருப்பானா?" என்றான்.

"அப்ப ஒங்க அத்தைய ஒன் தலைமேல தூக்கினு போவியா?"

பாய் சிரித்துவிட்டார். "இன்ஜின் நல்லா இருக்குதுமா. இப்பவே பாத்துட்டா நாலஞ்சு வருஷம் ஓடும். விட்டுட்டீங்கன்னா வேலூர் ரோட்டுல நடுவழியில நிக்கும்."

நடுவழியில் நிற்கக் கூடாது. உங்கள் தங்கை உள்ளே இருக்கும்போது கூடவே கூடாது. அதனால் முடிவு செய்துவிட்டேன். இந்த வாரமே பாய் கிளட்ச் பிளேட்டை மாற்றி, ரேடியேட்டரைக் கழுவிக் கூலன்ட் ஊற்ற வேண்டும். டைமிங் பெல்ட் அறுகிற வரை காத்திருக்காமல் அதையும் மாற்றிவிட வேண்டும். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. வேங்கிக்காலில் ஆபீசுக்குப் போகிற குமார் அங்கேயே வீல் அலைன்மென்ட் பார்த்து வர வேண்டும். வேலூர் போகிற நாளில் காற்றுப் பார்த்து, லீவு போட்டு, அவனே ஓட்ட வேண்டும். சென்ட் பாட்டிலைத் தூக்கியெறிவதும், எலி ஒயரைக் கடிக்காதபடி பானெட்டுக்குள் புகையிலை வைப்பதும் உங்கள் தங்கை பொறுப்பு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பானெட்டைத் திறப்பது நான். நான் எண் சொன்னால் ஸ்பானரை எடுத்து நீட்டுவது குமார். பதினாலு தந்தால் அவனுக்கும் திட்டு உண்டு.

காரை யாராவது கேட்டு வந்தால் இல்லை என்று சொல்ல வேண்டும். அதுவும் என் வேலை. பௌர்ணமியன்று தவிர உங்களுக்கு அது கடைசிவரை வரவில்லை.