ஆண்டை மாற்ற ஒரு கையெழுத்து

தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டே அதைக் கேட்க மனம் வரவில்லை. இதைப் போனிலும் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "சரிக்கா" என்பாய், நான் "சரி, வெச்சிடறேன்" என்பேன். ஒன்பது மாதமாக நாம் பேசிக்கொள்வது அவ்வளவுதான்.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. முழங்கால் வலி படி இறங்கும்போது மட்டும் வருகிறது. மழையில் முன்னறைக் கூரை ஒழுகியது, ஆள் வைத்துப் பூசியாயிற்று. புத்தகங்களை அடைத்து வைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்தேன். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை உன் கையெழுத்தைப் பார்த்தேன். ரயில் பாதையை நீட்டினால் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கணிக்க உங்கள் பக்கம் ஆள் அனுப்பி வீட்டுக்கு வீடு படிவம் வாங்கினோம் இல்லையா? படிவக் கட்டுகளிலிருந்து சிலவற்றை உருவிச் சரிபார்ப்பது என் பொறுப்பு. உருவியதில் ஒன்று உன்னுடையது. கதவு எண்ணைப் பார்க்கும் முன்பே அந்த இடப்பக்கம் சாய்ந்த எழுத்து தெரிந்துவிட்டது. நகரத்துக்குத் தினமும் போகிறவர்கள் எத்தனை பேர் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டு, அதை அடித்து, ஒன்று என்று எழுதியிருக்கிறாய். எதற்கு: கல்லூரி. எதில்: ஸ்கூட்டர். ரயில் வந்தால் எப்போதிலிருந்து ஏறுவீர்கள் என்ற கடைசிக் கேள்விக்கு, "வந்த அன்றிலிருந்து. அதுவரை ஓட்டிச் சமாளிப்பாள்" என்று எழுதியிருக்கிறாய்.

அதே ஸ்கூட்டர்தானே? முன்சக்கரம் மாற்றிச் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள் என்று போன மாதம் சொன்னாய். விற்கப் போகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளை ஓட்டப் போகிறாள் என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் எனக்குப் பழக்கம் அதிகம்.

நீ இப்போது இருக்கும் வீட்டை நீங்கள் முதலில் பார்த்துவிட்டு வந்த அன்று உன் வீட்டுக்காரர் எங்கள் அலுவலக வரைபடத்தை என் சாப்பாட்டு மேசையில் விரித்தது நினைவிருக்கிறதா? வரப்போகும் பாதையின் புள்ளிக் கோட்டில் கடைசி ஸ்டேஷன் வட்டத்தில் விரலை வைத்து, "வாசல்லேர்ந்து நானூத்திப் பன்னெண்டு அடி, எண்ணிப் பாத்துட்டேன். செருப்புக்கூட வேண்டாம், அப்படியே போய் ஏறிடலாம்" என்றார். நீதான் என் முகத்தைப் பார்த்து, "அக்கா, நிஜமா வருமா?" என்று கேட்டாய். வரைபடத்தில் இருக்கிறது என்றேன்.

அது பொய் இல்லை. அந்தப் பதிலை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நீ அன்று கேட்டது வரைபடத்தைப் பற்றியல்ல. அந்தப் பாதைக்கு அப்போது மண் பரிசோதனைகூட நடந்திருக்கவில்லை. எனக்குத் தெரியும். அலுவலக விஷயம் வெளியே பேசக்கூடாது என்று இருந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்தது என்பார்கள். இங்கே பல்லிக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்டவர்கள்தான் விழுந்தார்கள்.

அதன் பிறகு அவர் என்னை ஸ்டேஷன் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார். "என்ன ஸ்டேஷன் மாஸ்டர், பொண்ணு பாத்தாச்சு, பேசி முடிச்சாச்சு, நாள் மட்டும் குறிக்க மாட்டேங்கிறீங்களே!" என்பார். நானும் சிரித்திருக்கிறேன். ஐந்து வருடத்துக்கு மேல் அந்த நெடுஞ்சாலையில் போக முப்பத்தொரு கிலோமீட்டர், வர முப்பத்தொன்று. ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் நின்றுவிட்டு, காலை வெயிலில் கண்ணைத் திறந்துவைக்க வழியெல்லாம் பாடிக்கொண்டே வருவதாகச் சொல்வார். அவர் நம்மை விட்டுப் போன அன்று காலை, ஓரத்தில் நின்ற லாரியை அவர் பார்க்கவே இல்லை என்றார்கள். பிரேக் பிடித்த தடம் இல்லையாம்.

இனி எழுதுவதை நீ யாரிடமும் காட்டக்கூடாது. காட்டினாலும் பரவாயில்லை.

அந்தப் பாதை வராது. ரயில் பெட்டிகளை நிறுத்தவும் கழுவவும் பழுது பார்க்கவும் ஒரு பணிமனை வேண்டும். அதற்கு ஒதுக்கிய நிலம் வேறொன்றுக்குப் போய் நான்கு வருடமாகிறது. மாற்று நிலம் யாரும் தேடவில்லை. ஆனாலும் கோடு இருக்கும். வரைபடத்திலிருந்து ஒரு கோட்டை அழிக்க எங்கள் அலுவலகத்தில் பதினான்கு பேர் கையெழுத்துப் போட வேண்டும். கோட்டுக்குக் கீழே உள்ள, ரயில் ஓடத் தொடங்கும் ஆண்டை மாற்ற ஒரு கையெழுத்து போதும். அது என்னுடையது. உன் சமையலறைக் கதவில் அவர் ஒட்டி வைத்த வரைபடத்தில், கோட்டுக்குக் கீழே பொடியாக இருக்கும் அந்த ஆண்டு நான் போட்டது. அதற்கு முந்தையதும் நான் போட்டதுதான்.

நேற்று முன்தினம் மறுபடி மாற்றினேன். இந்த முறை ஐந்து வருடம் தள்ளி. உன் படிவத்தைப் படித்த இரண்டாம் நாள். நான் போடாவிட்டால் பக்கத்து மேசைக்காரர் போட்டிருப்பார் என்பது உண்மைதான், ஆனால் அது எனக்கு உதவவில்லை. பேனாவை மூடிவிட்டு அடுத்த கோப்பை எடுத்தேன்.

அடுத்த மாதம் புது வரைபடம் அச்சாகி வரும். கோடு உங்கள் வட்டத்தையும் தாண்டி இன்னும் மூன்று வட்டம் போகும். பார்த்துவிட்டு, அவர் ஆசைப்பட்டது வீண்போகவில்லை என்று நீ நினைப்பாய். அந்த ஸ்டேஷன் வந்தால் முதல் டிக்கெட்டை நீயே எடுக்க வேண்டும் என்று நீ காத்திருப்பதாகப் பிள்ளை சொன்னாள். அதை உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதற்காக அவள் அந்தச் சாலையில் போகக்கூடாது.

அவள் கல்லூரி என் வீட்டிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன். இது ஓடுகிற ரயில், ஏழு நிமிடம். சின்ன அறையில் கட்டில் போட்டுவிட்டேன், மேசை விளக்கும் வாங்கியிருக்கிறேன். என்னோடு இருக்க அவளுக்குச் சலிப்பாகத்தான் இருக்கும். பெரியம்மா ஓயாமல் குறை சொல்கிறவள் என்பாள். சொல்லட்டும். நீயும் வந்தால் முன்னறை உன்னுடையது. வரமாட்டாய் என்று தெரியும், ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு நான் அங்கே வருகிறேன். இதுவரை ஒவ்வொரு முறையும் அலுவலகக் காரில்தான் வந்திருக்கிறேன். இந்த முறை மூன்று பஸ் மாறி வருகிறேன். மதியத்துக்குள் வந்துவிடுவேன். அவள் பெட்டியைக் கட்டி வை. அதுவரை ஸ்கூட்டர் சாவியை உன் முந்தானையில் முடிந்துகொள், அவள் எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்காதே.

இதைப் படித்த பிறகு என் முகத்தைப் பார்க்க உனக்குப் பிடிக்காமல் போகலாம். அப்படியானால் நீ கதவுப் பக்கம் வர வேண்டாம், அவளை மட்டும் வெளியே அனுப்பு. நான் தெருவிலேயே நின்றுகொள்கிறேன்.

பிள்ளை நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

உன்
அக்கா