இடது கைக்குப் பொருந்திய உறை

என் துடுக்கு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் பெரியம்மாவும் சுகம். நீ சுகமா என்று அடுத்த வரியில் கேட்பது வழக்கம், இந்த முறை கேட்கவே பயமாக இருக்கிறது, கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய். காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து எனக்கு ஒண்ணுமில்லம்மா என்று வாசலிலேயே மயங்கி விழுந்தவள்தானே நீ. அப்பா புதுப் பல் கட்டிக்கொண்டார், சிரித்தால் வேறு யாரோ வீட்டுக்குள் வந்து சிரிப்பதுபோல் இருக்கிறது, பெரியம்மா அவரைப் பார்த்து யாருங்க நீங்க என்று கேட்டுக் கேட்டே ஓட்டுகிறாள். மாடிப்படி விளக்கு மறுபடி போய்விட்டது. பட்டறையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது, குளிர் வருவதற்குள் எல்லாருக்கும் கையுறை வேண்டும்.

நீ தையல் பிரிந்துவிட்டது என்று அனுப்பிய உறை ஜோடி வந்து சேர்ந்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், ஊர்க்கதை பேசி நேரத்தைக் கடத்துகிறேன். குளிரில் தோல் சுருங்கி இடது கை மோதிர விரல் பக்கம் விட்டுப்போச்சு என்று சீட்டு வைத்திருந்தாய். நான் தோலோடு குடித்தனம் நடத்துகிறவள், ஒரு விரலில் மட்டும் சுருங்குகிற தோலை நான் இன்னும் பார்க்கவில்லை. பிரித்து மேசைமேல் வைத்தேன். வலது உறை தட்டையாகப் படுத்துவிட்டது, காலி உறை அப்படித்தான் படுக்கும். இடது உறை படுக்கவில்லை. விரல்கள் மடங்கி, மோதிர விரல் நடுவில் புடைத்து, சுண்டு விரல் பக்கமாகச் சாய்ந்து, உள்ளே இன்னும் ஒரு கை இருப்பதுபோல் நின்றது. பஸ் ஓட்டுகிறவள் கை, ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து மடங்கியிருக்கும் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும்தானே பிடிக்கிறாய்.

தையல் போட்டுப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். என் வேலைதான் உனக்குத் தெரியுமே, தைத்து வந்த உறைகளைச் சூடேறிய இரும்புக் கைகளில் மாட்டி நீவிச் சுருக்கம் எடுப்பது. வரிசையாக மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தக் கைகளைப் பார்த்துச் சின்ன வயதில் நீ உள்ளே வரமாட்டேன் என்று அழுவாய், மண்ணுக்குள்ள ஆளுங்க இருக்காங்க என்பாய். அதில் ஒன்றில் உன் உறையை மாட்டி அழுத்தி நீவினேன், கழற்றும்போது விரல் ஐந்தும் நேராக இருந்தன. பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து எடுத்தால் மறுபடி மடங்கியிருந்தது, அதே விரல், அதே சாய்வு. மறுநாளும் நீவினேன், மறுநாளும் அப்படியே. பக்கத்து மேசையில் தைக்கிறவள் எட்டிப் பார்த்து, அக்கா இதுக்கு உங்க பேச்சு பிடிக்கல என்று சிரித்தாள், அப்புறம் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டாள். தோல் பழகின இடத்துக்குத்தான் போகும் என்கிறார் அப்பா. அவர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் மேசைமேல் அது இருக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் நடந்ததைக் கேள். காலையில் நான் அடுப்படியில் இருந்தேன், பெரியம்மா குப்பையைக் கொட்டக் கீழே போய்விட்டு வந்தாள். அவளுக்கு நான் விரல் பிரிக்காமல் மொத்தையாகப் பை மாதிரி ஒன்று தைத்துக் கொடுத்திருந்தேன், அளவெடுக்கக் கையை நீட்டவே மாட்டாளே, அக்கா தங்கைக்குள் என்ன வெட்கமோ. திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்று, இது எப்படி எனக்குப் போச்சு என்றாள். இடது கையில் உன் உறை. விரல்விரலாக, மூட்டுமூட்டாக, ஒரு சுருக்கம் இல்லாமல், நான் அவளுக்கென்றே வெட்டியதுபோல் உட்கார்ந்திருந்தது. மேசைமேல் கிடந்ததை எடுத்துத் தெரியாமல் மாட்டிக்கொண்டாளாம். என் அக்காவின் மணிக்கட்டிலிருந்து உன் கை வளர்ந்திருப்பதுபோல் இருந்தது. பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

நீ போனில் என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா. இப்ப அந்த விரல்ல வலியே இல்லம்மா, தானா அடங்கிடுச்சு, எதுக்கு வீணா டாக்டர் சொன்ன அந்த மாத்திரை என்றாய். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். பிறகு என்னிடம், அது நான் சொன்ன வார்த்தை, அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தா என்று கேட்டாள். நீ அப்போது சின்னவள், உனக்குத் தெரியாது. அவளுக்கும் உன்னைப் போலவே முழங்கையிலும் தலையிலும் செதில், நகத்தில் ஊசியால் குத்தினதுபோல் குழி, அப்புறம் ஒரு விரல் முழுசும் வீக்கம். இது சொரியாசிஸ் மூட்டுவாதம், மாத்திரை சாப்பிடணும் என்று டாக்டர் சொன்னபோது, அவள் அலுவலகத்துக் கணக்கர் ஒருவருக்கு மாத்திரையால் ஈரல் கெட்டது என்று கேள்விப்பட்டு வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு நாள் வலது கையில் வலி நின்றுபோனது. குணமாகிவிட்டது என்று நம்பி வீட்டில் இருந்த துணியையெல்லாம் தானே துவைத்துப் பிழிந்து காயப்போட்டாள், பாட்டு வேறு. வலி நின்றது நோய் போனதால் இல்லை, அந்த மூட்டில் வலிக்க ஒன்றும் மிச்சம் இல்லாததால். எக்ஸ்ரேயில் எலும்பு நுனி சீவின பென்சில் மாதிரி இருந்தது. அந்த வலது கை விரலை இப்போது பிடித்து இழுத்தால் நீளும், விட்டால் உள்ளே போய்விடும். எனக்கு ஒரே ஒரு தடவை காட்டினாள், இனிக் காட்டாதே என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகுதான் மருந்து எடுக்க ஆரம்பித்தாள். அப்போதே மடங்க ஆரம்பித்திருந்த அவளுடைய இடது கை அன்றைக்கு எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் இன்றைக்கும் இருக்கிறது, நிமிரவில்லை, ஆனால் மேலே வளையவும் இல்லை, அந்தக் கையால்தான் பொத்தான் போடுகிறாள், அந்தக் கையால்தான் என்னை அடிக்க ஓங்குகிறாள். உன் உறை பொருந்தியது அந்தக் கைக்கு. புரிகிறதா உனக்கு நான் ஏன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று. நீ இப்போது நிற்கிற இடத்துக்கு ஒரு பக்கம் மருந்து காத்த அவளுடைய இடது கை, இன்னொரு பக்கம் மருந்து வருவதற்குள் போய்விட்ட வலது கை.

உன் பயத்தைச் சின்னதாக நினைக்கிறேன் என்று எண்ணாதே. பயப்பட வேண்டிய விஷயம்தான், ஈரலைத் தொடும் மருந்துதான். பெரியம்மாவை அழைத்துக்கொண்டு அவளுடைய மூட்டு டாக்டரிடம் போய், உனக்காகத்தான் என்று சொல்லியே கேட்டேன். வாரம் ஒரு நாள் மாத்திரை, போட்ட மறுநாள் அவளுக்குக் குமட்டும், ஒரு தடவை ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு ஏறியதும் உடனே நிறுத்தி ஊசி மருந்துக்கு மாற்றினார்கள், அதற்குத்தானே பரிசோதனையே. பஸ்ஸில் ஏறுகிறவன் எல்லாம் என் மேலேயே இருமுறான் என்றாய், அதையும் டாக்டரிடம் சொல்லு, இந்த மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாம், முன்னாடி போட வேண்டிய தடுப்பூசி எது என்று பார்ப்பார்கள், காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். குழந்தை ஆசை இருந்தால் வெட்கப்படாமல் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடு, அந்த நேரத்தில் தொடவே கூடாத மருந்து உண்டு, அதற்குப் பதில் வேறு தருவார்களாம். மருந்து செய்கிற கெடுதலை அளந்து பார்த்துத் திருத்த முடியும்மா, மூட்டுக்குள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்கவே முடியாது, போன எலும்பு திரும்பியும் வராது என்று டாக்டர் சொன்னார். உனக்கு எந்த மருந்து நல்லது என்று எனக்குத் தெரியாது, அதை உன் டாக்டர் சொல்லட்டும். போகாமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதை நீ எடுத்துவிட்டாய், அதைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

பார்சலில் ஒரு புது இடது உறை வைத்திருக்கிறேன். போன வருஷத்து உன் அளவில், நேரான விரல்களுக்கு வெட்டியது. மோதிர விரல் அதில் ஏறாவிட்டால் இழுத்து மாட்டாதே, தோல் சுருங்கிடுச்சு என்று எனக்குச் சீட்டும் எழுதாதே, அந்த உறையைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே டாக்டரிடம் போய் நில். வலது உறை உன் பழையதுதான். பழைய இடது உறையைப் பெரியம்மா தரவில்லை. அன்றிலிருந்து கழற்றவும் இல்லை, ஜன்னல் ஓரம் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், சில நேரம் நான் கதவருகில் வரும்போது நீதான் வந்து உட்கார்ந்திருக்கிறாய் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கழற்றேன் அக்கா என்றால், இரு, உள்ள யாரோ கை கோத்துக்கிட்டிருக்கிற மாதிரி சூடா இருக்கு என்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, வண்டியில் ஏறும்முன் கையைச் சூடாக்கிக்கொள், முழங்கைச் செதிலைச் சொறியாதே. எந்தக் குறையும் உன்னை அண்டாமல், எடுத்ததையெல்லாம் இறுகப் பிடிக்கிற கையோடு நூறு வயது இருக்க வேண்டும் நீ. டாக்டரைப் பார்த்த அன்றைக்கே போன் பண்ண மறக்காதே, அப்பா போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருக்கிறார். கடிதத்தை மடிக்கப் போனபோது பெரியம்மா தன் பங்குக்கு ஒரு வரி எழுதச் சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: இடது கை எனக்கு இருக்கட்டும்டி, நான் பார்த்துக்கறேன், ஆனா அந்த வலது உறையும் என் வலது கைக்குப் பொருந்தற மாதிரி ஆக்கி அனுப்பிடாத.

உன் வரவுக்கும் உன் குரலுக்கும் காத்திருக்கும்,
உன் அம்மா