துணைவியார் லட்சுமணன்

சேக்காடு, ஆவடி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், பிபி பார்த்தேன், நார்மல்தான், சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறது, தூக்கம் பரவாயில்லை. அங்கே நீயும் நலமாக இருக்க வேண்டும், கௌஹாத்தியில் குளிர் ஆரம்பித்திருக்கும், போன தடவை பேசும்போது இருமினாய், அது நின்றதா என்று எழுது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் இப்போதெல்லாம் யார் எது கேட்டாலும் என் வாயில் சரி என்றுதான் வருகிறது. கேஸ் சிலிண்டர் போடுகிறவர் சாயங்காலம் வரட்டுமா என்றாலும் சரி, லோன் வேண்டுமா சார் என்று ஒரு பெண் கேட்டாலும் சரி. போன வாரம் நீ, டி.சி. வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்ப்பா, பூந்தமல்லி பக்கம் ஏதாவது ஒரு காலேஜில் சேர்ந்துகொள்கிறேன், அம்மாதான் பாதி நாள் நம்மோடு இல்லை, நானாவது உங்களோடு இருக்கிறேன் என்றாய். அதற்கும் சரி என்றேன். அந்தச் சரி செல்லாது. நீ படிப்பை விட்டுவிட்டு வரக்கூடாது. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படி.

முதலில் வீட்டு விஷயம். மோட்டார் ஓடாமல் நின்றது, கெப்பாசிட்டர்தான், மாற்றிவிட்டேன். பக்கத்து வீட்டு வனஜா ஆன்ட்டி குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள், வேண்டாம் என்றால், சும்மா இருப்பா, உனக்கோசரம் தனியாவா வைக்கிறேன் என்கிறார்கள். காலையில் அம்மாவைத் தேடிக் காலிங் பெல் மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. தெருக்காரர்களுக்கு எல்லாம் தெரியும், பட்டாபிராம், திருநின்றவூர் என்று வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரிவதில்லை. அன்றைக்கு ஒருவர் கையில் பிளட் ரிப்போர்ட்டோடு நின்றுகொண்டு, மேஜர் அம்மா கீறாங்களா என்றார். இல்லை என்றேன். எப்ப வருவாங்க என்றார். வர மாட்டாங்க என்றேன். ஓ, டூட்டியா என்றார். ஆமாம் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. ஃபேக்டரியில் கியர்பாக்ஸை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி லோடு கொடுக்காமல் ஓடவிடுவோம், சத்தமே இருக்காது, எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும். நான் இப்போது அப்படித்தான் இருக்கிறேன். அதை நினைத்து நீ பயப்படாதே.

உன் அம்மா பட்டாளத்து நர்ஸாகச் சேர்ந்தபோது இந்தத் தெருவில் யாருக்கும் அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. ஜம்மு, ஜோத்பூர், பதான்கோட் என்று எங்கெங்கேயோ போட்டார்கள். உன்னை என்னிடம் விட்டுவிட்டு அவள் போனபோது உனக்கு நடக்க வரவில்லை. இதே வனஜா ஆன்ட்டிதான் குழாயடியில் நாலு பேர் கேட்க, பொண்டாட்டி கையில துப்பாக்கி, புருசன் கையில பால்புட்டியா என்றார்கள். நர்ஸுக்குத் துப்பாக்கி கிடையாது ஆன்ட்டி என்று நான் விளக்கம் சொன்னேன், அதற்கும் சிரித்தார்கள். பட்டாளத்திலிருந்து மேஜராக ரிலீஸ் ஆகி வந்த பிறகு, அந்த வனஜா ஆன்ட்டி வீட்டுக்காரருக்குச் சர்க்கரையில் கால் புண் வந்து, விரலை எடுக்க வேண்டும் என்ற நிலைமையில், அம்மா தினம் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் முன்னால் போய்க் கட்டு மாற்றினாள். விரல் தப்பித்தது. ஒரு பைசா வாங்கவில்லை, ஆனால் அவர் திருட்டுத்தனமாக ஜிலேபி சாப்பிட்டதற்குத் தெருவே கேட்கிற மாதிரி திட்டினாள். என் அப்பா கை கால் விழுந்து கிடந்த காலத்தில் ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து புரட்டிப் படுக்க வைத்தாள், அவர் போகிறவரை முதுகில் ஒரு புண் இல்லை. தெருமுனையில் மூடியில்லாத கால்வாயில் ஒரு குழந்தை விழுந்ததும், சிலாப் வருகிறவரைக்கும் போக மாட்டேன் என்று அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். உனக்குத் தலை பின்னினால் பேண்டேஜ் சுற்றுகிற மாதிரி இருக்கும், சாயங்காலம் வரை ஒரு முடி பிசிறாது, வலிக்குதும்மா என்று நீ கத்துவாய். தனக்கு வந்த நோயையும் அவளேதான் முதலில் கண்டுபிடித்தாள், கண்ணாடியில் கண்ணைப் பார்த்துவிட்டு, மஞ்சளா கீது, இது நல்லதுக்கில்ல என்றாள். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், அதை எழுதவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கொடி நாளுக்கு எக்ஸ் சர்வீஸ்மேன் சங்கத்தில் வருஷா வருஷம் விழா வைப்பார்கள் இல்லையா. சங்கத் தலைவர் சுபேதார் அப்பாவு போன் செய்து, தம்பி, மேடம் பேர்ல ஒரு மரியாதை பண்றோம், நீங்க அவசியம் வரணும் என்றார். சரி என்றேன். மண்டபத்தில் முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். அந்த வரிசை முழுக்கப் பெண்கள், அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். மறைந்த வீரர்களின் துணைவியருக்குப் புடவை கொடுப்பதுதான் அந்த மரியாதையாம். இத்தனை வருஷமாகச் செத்தவர்கள் எல்லாம் ஆண்கள், அதனால் யாருக்கும் வேறு யோசனையே வரவில்லை. மைக் பிடித்தவர் வரிசையாக வாசித்துக்கொண்டு வந்து, மேஜர் ரேணுகா அவர்களின் துணைவியார் என்று ஆரம்பித்து, பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், துணைவியார், திரு. லட்சுமணன் என்று வாசித்தார். மண்டபமே சிரித்தது. நான் எழுந்து போய்ப் புடவையை வாங்கிக்கொண்டு, போட்டோவுக்கு நின்றுவிட்டு வந்தேன்.

அப்பாவு சார் வியர்த்துப்போய் ஓடிவந்து, தம்பி தப்பா நினைச்சுக்காதீங்க, ஒரு வேட்டி எடுத்தாரச் சொல்றேன் என்றார். நான் சரி என்பதற்குள் பக்கத்து நாற்காலி அம்மாள், பேர் ராஜகுமாரி, ஹவில்தார் ஒருவரின் சம்சாரம், அதெல்லாம் ஒண்ணும் வாணாம், அவரும் எங்க ஆளுதான், நீ போய் மைக்க பாரு சார் என்று துரத்திவிட்டார்கள். பிறகு என் மடியில் இருந்ததை எட்டிப் பார்த்து, எனுக்குச் சாம்பக் கலர குட்த்துட்டு உனுக்கு மாம்பழக் கலரா, இன்னா நியாயம் இது, மாத்திக்கலாம் குடு, நீ இன்னா கட்டிகினு வேலைக்கா போவப்போற என்றார்கள். வரிசை முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். அம்மா போன பிறகு சிரித்தது அப்போதுதான். மாற்றிக்கொண்டோம். அந்த அம்மாள் மாம்பழக் கலரைத் தடவிப் பார்த்துவிட்டு, எனுக்கு இல்லப்பா, என் பொண்ணுக்கு என்றார்கள். என்ன பண்றாங்க என்று கேட்டேன். அவங்கப்பா போனப்போ காலேஜ் படிச்சிகினு இருந்தா, அம்மா தனியா கீறாளேன்னு நிறுத்திட்டு வந்தா, நானும் சரின்னுட்டேன் என்றார்கள். சும்மா இருக்க முடியாமல், இப்போ என்று கேட்டேன். இப்பவும் என்கூடத்தான் கீறா, நாப்பது ஆவப்போது, காலைல எனுக்கு மாத்திரை எடுத்துக் குடுப்பா, சாயந்தரம் ரெண்டு பேரும் சீரியல் பாப்போம் என்றார்கள். அழவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. புடவையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் மேடையில் யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

உன்னிடம் ஒன்று சொன்னதே இல்லை. உன்னை விட்டுவிட்டு அம்மா டூட்டிக்குப் போன அன்று ஆவடி ஸ்டேஷனில், நீ வேண்டுமானால் வேலையை விட்டுவிடேன் ரேணு என்றேன். நீ என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். அவள் உன் காலைப் பிடித்துக்கொண்டு, வுட்டுட்டு இருந்துடறேன், ஆனா இவள பாக்கறப்பல்லாம் எனுக்கு வுட்ட வேலதான் தெரியும், பரவால்லயா என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் டிரெயின் வந்துவிட்டது. ஏறும்போது அவள் உன்னைப் பார்த்த மாதிரி வேறு யாரும் யாரையும் பார்த்து நான் பார்த்ததில்லை. அம்மா பாதி நாள் நம்மோடு இல்லை என்றாயே, அது கடன் இல்லை பிரியா, நீ அடைப்பதற்கு. அவள் முழு மனசோடு போனாள், முழு மனசோடு திரும்பி வந்தாள். நீ எனக்காக வந்தால் நான் தினமும் உன் முகத்தில் கௌஹாத்தியைப் பார்ப்பேன், நீயும் என்னைப் பார்த்து நல்லா இருக்கேன்ப்பா என்று பொய் சொல்லுவாய். இந்த வீட்டில் தனியாக இருக்கப் பழகுவது என் வேலை. ஆரம்பித்துவிட்டேன், மெதுவாகத்தான் வருகிறது. அரிசி இன்னும் கூடுதலாகத்தான் போடுகிறேன், அது சரியாகிவிடும்.

டி.சி.க்கு எழுதிக் கொடுத்திருந்தால் நாளைக்கே போய்த் திரும்ப வாங்கிக்கொள். கேட்டால் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லு, உண்மைதான். ராத்திரியில் தலைக்குக் குளிக்காதே, இருமல் நிற்காவிட்டால் டாக்டரைப் பார், நீயாக மாத்திரை போடாதே. அம்மாவின் தைரியமும் ஆரோக்கியமும் உனக்கு இருக்க வேண்டும், நீ நினைத்த படிப்பை முடித்து நினைத்த இடத்துக்குப் போக வேண்டும், அதுதான் அப்பாவின் ஆசீர்வாதம். செமஸ்டர் லீவுக்குக் கட்டாயம் வா, எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும். டிக்கெட் போடும்போது மறக்காமல் திரும்பிப் போகிறதையும் சேர்த்துப் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா
ல. லட்சுமணன்