குழாயடிக்கு வராத குடம்

அந்தக் குடத்தை நான் தூக்கியிருக்கவே கூடாது, என் அருமை ராக்கம்மாக்கா. நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. தெப்பக்குளத்து மாரியம்மன் முன்னால் எத்தனை தடவை விழுந்து கும்பிட்டும் மனசு ஆறவில்லை.

நம் காம்பவுண்டில் ஏழு வீட்டுக்கும் ஒரே குழாய், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். பிள்ளை குட்டி இல்லாத நீங்கள் கடைசி அறையை விட்டு வெளியே வந்ததே அதற்குத்தான். வந்தால் சும்மாவா நிற்பீர்கள்?

"ஏண்டி செல்வி, நீ பேசி முடிக்கிறதுக்குள்ள வைகையே வத்திப் போகும். குடத்த எடுடி!"

உங்களுக்கு முழங்கால் வீங்கியதும், "நீங்க வர வேணாம்க்கா, நானே பிடிச்சு வாசல்ல வச்சிர்றேன்" என்றேன். புண்ணியம் என்று நினைத்தேன். அப்புறம் உங்கள் முகத்தை யார் பார்த்தார்கள்? குடத்தை வைப்பேன், "அக்கா, தண்ணி!" என்று கத்துவேன், உலை கொதிக்குதே என்று ஓடிவிடுவேன்.

ஒருநாள் போனால், போன முறை வைத்த குடம் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. அப்போதுதான் கதவைத் தட்டினேன். நீங்கள் இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன். என்னைக் கூப்பிட்டீர்களா அக்கா?

இப்போது உங்கள் அறைக்கு முத்துப்பேச்சியம்மா வந்திருக்கிறார். எழுபது வயசு, ஒண்டிக்கட்டை. வந்த வாரமே கேட்டார்.

"தாயி, எனக்கு ஒரு குடம் பிடிச்சு வச்சிரு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"மாட்டேன். நீங்களே வாங்க."

"என்ன பொம்பளடி இவ! நெஞ்சுல ஈரமே இல்ல."

சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, அரை மணி நேரம் எல்லாரிடமும் என்னை வைதுகொண்டே நின்றார். எனக்குக் கேட்கக் கேட்க நிம்மதி; நாலு பேர் கண்ணில் பட்டுவிட்டாரே. ஆனால் வழுக்கி விழுந்தால்? அந்தப் பழியை எங்கே கொண்டுபோய் இறக்குவேன்? குழாயடிப் பாசியைத் தேய்த்துக் கழுவினேன். அவர் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறேன். அப்படியும் அவர் காலடியையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இனி தண்ணீர் வருகிற நாளெல்லாம் அவர் கதவைத் தட்டி, கையைப் பிடித்துக் கூட்டி வருவேன். அவர் குடத்தை நான் தூக்கினாலும், ஆளை அறைக்குள்ளேயே விட்டுவிட்டு வர மாட்டேன். ஆத்தா மேல் சத்தியம்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
செல்வி

ஐயையோ அக்கா, நாளைக்குத் தண்ணீர் முறை. நான் மகள் பிரசவத்துக்கு விடியக் காலை பஸ்ஸில் கப்பலூர் போகிறேன். அந்தம்மாவைக் கூப்பிடச் சொல்லி இன்னும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.