மீனு தின்ற பழம்

18 ஜூலை 2009, சனி.

உப்பலில் எங்கள் வீட்டு வேலியில் தானாக வளர்ந்த செடியின் பழத்தை மீனு இன்று தின்றுவிட்டாள். என்ன செடி என்று தெரிந்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர், போனில். படமெடுத்து, செடிகளை அடையாளம் சொல்லும் இணையக் குழுவில் போட்டேன். ஒருவர் உடனே எழுதினார்: "உண்ணிச்செடி. கறுத்த பழம் பரவாயில்லை, பச்சைக் காய் விஷம்." இன்னும் இருவர் ஆமோதித்தார்கள்.

"பச்சையா, கறுப்பா? சொல்லு கண்ணு."

"நித்ர வஸ்தோந்தி மம்மி." தூக்கம் வருகிறதாம், தெலுங்கில். தூங்கவிடாமல் அவளை உலுக்கினேன்.

அவள் அப்பாதான் குனிந்து, "நாக்க நீட்டுடா செல்லம்" என்றார். நாக்கெல்லாம் கருநீலம். அவர் சிரித்தேவிட்டார். டாக்டரும், பயமில்லை, ராத்திரி மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார்.

கறுப்போடு ஒரு பச்சையையும் தின்றிருந்தால் நாக்கு காட்டுமா? இரண்டு பேரும் தூங்குகிறார்கள். நான் விளக்கை அணைக்கவில்லை.